ஹேவ் பக்கத்தில் எஸ்டர்டே

சேவலூருணியில் மூணுமுக்கு ரத்தம் காயாமல் கிடந்த அந்த வருஷத்தில், ஊர்க்காரர்கள் அதைத் தாண்டிப் போக ஒரு பலகை போட்டுக்கொண்டார்கள், ஆட்டுக்குட்டிகள் தாண்ட இன்னொரு சின்னப் பலகை போட்டார்கள், கல்யாண ஊர்வலத்துக்கு வேறு தெரு பார்த்தார்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் பையோடு சேர்த்து ஒரு பழந்துணியும் கொடுத்துவிட்டார்கள், என்ன ஏது என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடம், "அது ஒண்ணுமில்லைங்க, கோழிக்கடை ஜெயக்கொடி இங்கிலீஷ்ல தப்பில்லாம ஒரு வாக்கியம் பேசிட்டா" என்று, கரண்டு போனதைச் சொல்கிற குரலில் சொன்னார்கள்.

ஜெயக்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, தம்பி கனிராஜோடு சேர்ந்து மூணுமுக்கில் பிராய்லர் கடை போட்டாள். அவள் அறுப்பாள், அவன் தோல் உரித்துத் துண்டு போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். கடைக்கு மேலே மரத்தளம் போட்ட மாடியில் எஸ்தர் டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. தளத்தின் விரிசல் வழியாகத் தூசியோடு சேர்ந்து இங்கிலீஷும் கீழே இறங்கும், ஜெயக்கொடி கோழியின் கழுத்தில் கத்தி வைக்கிற நேரத்தில் மேலே முப்பது பேர் ஒரே குரலில் "ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்" என்பார்கள், ஹீ கோஸ் என்பதற்குள் கோழி போயிருக்கும்.

"அக்கா, ஒனக்கு வாய் சும்மாவே நீளம். அதுல இங்கிலீஷும் ஏறுச்சுன்னா ஊரே தாங்காது, போய்ச் சேரு" என்று கனிராஜ்தான் பிடித்துத் தள்ளினான். போனாள். போன இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் வேலை, இண்டர்வியூ, வெளிநாடு என்று ஏதாவது ஒரு கணக்கு இருந்தது. இவளுக்கு மட்டும் ஒரு கணக்கும் இல்லாமல் ஹேவ் என்கிற அந்த ஒரு சொல் பிடித்துப்போனது.

"நடந்துச்சு, முடிஞ்சுச்சு, கதை அவ்வளவுதான்னா ஹேவ் வேண்டாம்" என்றாள் எஸ்தர் டீச்சர். நாற்பதைத் தொடாத, சத்தமாகச் சிரிக்கிற, சாக்பீஸ் கையாலேயே முறுக்கு தின்கிற பொம்பிளை. "ஐ லாஸ்ட் மை கீ. சாவியைத் தொலைச்சேன். பெறகு கெடைச்சிருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஆனா ஐ ஹேவ் லாஸ்ட் மை கீன்னா, தொலைச்சிட்டு இப்ப இந்த நிமிஷம் வாசல்ல முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு அர்த்தம். நடந்தது நம்மளவிட்டுப் போகல. கூடவே நிக்கிது."

ஜெயக்கொடி அதைக் கேட்டுத் தன் புருஷனை நினைத்துக்கொண்டாள். அவன் போனது ஹேவ் போட்டா, போடாமலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஆனா ஒண்ணு. ஹேவ் பக்கத்துல எஸ்டர்டேவ ஒக்கார வைக்கக் கூடாது. லாஸ்ட் வீக், லாஸ்ட் மந்த்னு அதோட பங்காளிக எதையும் வைக்கக் கூடாது. அதெல்லாம் கதவைச் சாத்துற ஆளுக. ஹேவ் கதவைத் தொறந்து வைக்கிற ஆளு. ரெண்டும் ஒரு வீட்டுல இருந்தா வெட்டுக்குத்துதான். டுடே வேணும்னா வைக்கலாம். இன்னைக்குப் பொழுது இன்னும் அடையலைல்ல." இதைச் சொல்லிவிட்டு டீச்சர் வகுப்பு மொத்தத்தையும் கத்த வைத்தாள், "நோ ஹேவ் வித் எஸ்டர்டே! நோ ஹேவ் வித் எஸ்டர்டே!" கீழே கோழிக்கால் வெட்டிக்கொண்டிருந்த கனிராஜின் காதில் அது மாதக்கணக்காக விழுந்தது.

ஜெயக்கொடி பரீட்சையில் பாஸானாள். வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். கனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டவுனுக்குப் போய் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு ஃபிளெக்ஸ் அடித்துவந்து மூணுமுக்குக் கம்பத்தில் கட்டினான். அக்கா படம், கையில் கோழிக்கு பதிலாகக் கம்ப்யூட்டரில் ஒட்டிய ஒரு பூங்கொத்து, மேலே 'கோழி நாட்டு அரசியே வருக', கீழே கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் 'மை சிஸ்டர் ஹேஸ் பாஸ்ட் எஸ்டர்டே'.

ஜெயக்கொடி பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீக்கடை பரமனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள், மாடியிலிருந்து வகுப்பே எட்டிப்பார்த்துச் சிரித்தது.

"எதுக்குடா எஸ்டர்டேவப் போட்ட? பாஸாகி ஒரு வாரமாச்சு!"

"டீச்சர் பேரு போடணும்ல?" என்றான் கனிராஜ், காது சிவந்துபோய். "எஸ்தர் டேன்னு தெனம் கத்துறீங்க. அந்தம்மாவுக்கு ஒரு நாள் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அந்தம்மா சொல்லிக்கொடுத்துத்தான பாஸான? ஒரு மரியாதைக்குப் போட்டேன்."

அதற்கும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பரீட்சையில் முதலாவதாக வந்தவளுக்கே உரிய கோபம் வந்தது. "ஊரே பாக்கும், மானம் போகும். கறுப்பு பெயிண்ட எடுத்துக்கிட்டுப் போயி அந்த வார்த்தைய மட்டும் அழிச்சிட்டு வா. அழிச்சாத்தான் இன்னைக்கு ஒனக்குச் சோறு."

கனிராஜ் ஏணியை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கம்பத்தில் அவனுடைய ஃபிளெக்ஸுக்குப் பின்னால் இன்னொரு ஃபிளெக்ஸ் இருந்தது. லாரிசெட் முனியராஜின் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் அது. முனியராஜ் என்றால் மூணுமுக்கில் ஆட்டோ ஸ்டாண்டு யாருக்கு, தண்ணீர் லாரி யாருக்கு, யார் யாரோடு பேசலாம் என்பதுவரை தீர்த்துவைக்கிற ஆள்; அன்றைக்கு அவன் பிறந்தநாள். கனிராஜின் ஃபிளெக்ஸ் அவனுடைய படத்தைக் கழுத்துவரைக்கும் மறைத்துவிட்டிருந்தது, மாலை போட்ட உடம்பும் கும்பிட்ட கையும் மட்டும் தெரிந்தன, தலை இருந்த இடத்தில் ஜெயக்கொடி பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயக்கொடி அப்போது கடைக்குள் ஒரு சேவலின் சிறகைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். ஏணி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு கேட்ட சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், கட்டையில் வைத்து எலும்போடு வெட்டுகிற சத்தம், தான் இங்கே இருக்கும்போது வெளியே யார் கறி வெட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கத்தியோடு வெளியே வந்தபோது முனியராஜும் அவன் ஆட்களும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கனிராஜ் கறுப்பு பெயிண்டும் சிவப்புமாகக் கிடந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அருவாள் இறங்கிய இடம் அவள் ஒரு கோழியைக்கூட அப்படி வெட்டியிருக்கமாட்டாள் என்கிற மாதிரி இருந்தது. பெயிண்ட் பிரஷை மட்டும் விடாமல் பிடித்திருந்தான்.

அன்றைக்குச் சந்தை நாள், முக்கு முழுக்க ஜனம். ஆனால் ஒருத்தரும் எதையும் பார்க்கவில்லை. பால் பொங்கியதால் பரமன் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாராம். பூக்காரம்மா குனிந்து உதிரிப்பூ பொறுக்கினாளாம். பேப்பர் படித்தவர்கள் பேப்பர் படித்தார்களாம். ஜில்லாவுக்குப் புதிதாக வந்திருந்த வடக்கத்தி போலீஸ் அதிகாரி, தமிழ் இன்னும் பிடிபடாத சின்ன வயசு ஆள், தம்பியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து இங்கிலீஷில் என்ன நடந்தது என்று கேட்டார். ஜெயக்கொடிக்கு அழ வரவில்லை, மாரடிக்க வரவில்லை, தாய்மொழியில் ஒரு சொல்லும் வரவில்லை.

"தே ஹேவ் கில்ட் மை பிரதர்" என்றாள்.

வகுப்பில் முதலாவதாக வந்தவள் சொன்ன வாக்கியம். ஒரு பிசகும் இல்லை. அந்த நேரத்திலிருந்து ரத்தம் காயவில்லை.

நகராட்சி லாரி வந்து தண்ணீர் அடித்தது, தண்ணீர் காய்ந்தது, ரத்தம் காயவில்லை. மணல் கொட்டினார்கள், மணல் சிவந்தது. தார் ஊற்றினார்கள், தாருக்கு மேலே வந்து பளபளவென்று நின்றது. தெரியாமல் மிதித்தவர்களின் செருப்பில் ஒட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது, எதையும் பார்க்காதவர்களின் வீட்டுக் கூடத்தில் ஏறி, அடுப்படியில் நடந்து, பூஜை அறை வாசல்வரை போய் நின்றது. பூக்காரம்மா தன் வீட்டில் சாணி போட்டு மெழுகினாள், மெழுகிய இடத்தில் அவளுடைய காலடியே மறுபடி சிவப்பாக எழுந்தது. முனியராஜின் வலது கை விரல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. சோறு பிசைந்தால் சோறு சிவந்தது. கோர்ட்டில் சாட்சி இல்லாமல் ஜாமீனில் வந்தவன், கையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு திரிந்தான், பை நிறைய நிறைய அவனுடைய ஆட்கள் மாற்றிவிட்டார்கள்.

முதலில் பயந்த ஊர் கொஞ்ச நாளில் யோசிக்க ஆரம்பித்தது. அதுதான் ஊர். ஜெயக்கொடி சொன்னால் நிற்குமென்றால் நாம் சொன்னாலும் நிற்கவேண்டும்தானே? எஸ்தர் டீச்சரின் வகுப்பில் படிக்கட்டுவரைக்கும் கூட்டம். பரமன் மூன்று வாரம் படித்துவிட்டு வந்து பால் பாத்திரத்தைப் பார்த்து "த மில்க் ஹேஸ் பாயில்ட்" என்று சொன்னார், அன்றையிலிருந்து அவருடைய பால் அடுப்பில்லாமலே கொதித்தது. ஆட்டோக்காரர் ஒருவர் பேராசைப்பட்டு "ஐ ஹேவ் ஈட்டன்" என்று சொல்லிவிட்டு, பசியே எடுக்காமல் வற்றலாக வற்றிப்போய், கடைசியில் அவரே எஸ்டர்டே சேர்த்துச் சொல்லித்தான் ஒரு இட்லி தின்றார். தப்பாகப் பேசினவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஊரில் பாதிப் பேர் தப்பாகத்தான் பேசினார்கள், அதனால்தான் ஊர் பிழைத்தது.

வெல்டிங் பட்டறைக்காரன் பெண்டாட்டி வனசா மட்டும் சத்தமில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து சரியாகப் படித்தாள். ஒருநாள் புருஷன் அவளைச் செவிளோடு அறைந்தபோது, வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஹீ ஹேஸ் ஹிட் மீ" என்றாள். அறைந்த கை அவள் கன்னத்திலேயே நின்றுவிட்டது. இழுத்தான், வரவில்லை. கன்னத்தில் ஒட்டின கையோடு அவள் பின்னாலேயே தண்ணீர் பிடிக்கப் போனான், ரேஷன் கடையில் நின்றான், அவள் தூங்கினால் உட்கார்ந்திருந்தான். கடைசியில் எஸ்தர் டீச்சர்தான் வழி சொன்னாள்: ஹேவைக் கழற்ற ரெண்டு வழி. சொன்னவளே எஸ்டர்டே சேர்த்துச் சொல்லிக் கதவைச் சாத்தவேண்டும். இல்லையென்றால் செய்தவன் வாயாலேயே, எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் செய்தேன் என்று ஹேவ் இல்லாமல் நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும். வனசா எஸ்டர்டே சொல்ல மாட்டேன் என்றாள். பட்டறைக்காரன் தெருவில் நின்று, டீச்சர் சொல்லச் சொல்ல, திங்கட்கிழமை சாயங்காலம் அடுப்படியில் வைத்து நான் இவளை அடித்தேன் என்று இங்கிலீஷில் கத்தினான். கை கழன்றது. அதன்பிறகு சேவலூருணி ஆம்பிளைகள் கையை ஓங்கினால் பாதியில் நிறுத்தி, பெண்டாட்டி எந்த வகுப்புவரை போயிருக்கிறாள் என்று யோசித்தார்கள்.

இந்த ரெண்டு வழியும் முனியராஜின் காதுக்குப் போனது. தன் வாயால் சொன்னால் தூக்கு, குறைந்தது ஆயுள். ஆகவே ஜெயக்கொடி வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவேண்டும். அவளைக் கொல்லவும் முடியாது. செத்துவிட்டால் வாக்கியம் அப்படியே நின்றுபோகும், கதவைச் சாத்த ஆள் இருக்காது. அதனால் அவள் உயிரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தொட்டான்.

முதலில் கடைக்குத் தீ வைத்தார்கள். கூண்டுக்குள் கோழிகள் சிறகோடு எரிந்து கத்தின. ஜெயக்கொடி எதிர்ப்பக்கம் நின்று, "தே ஹேவ் பர்ன்ட் மை ஷாப்" என்றாள், தீ அங்கேயே நின்றுவிட்டது, கூடவும் இல்லை அணையவும் இல்லை, மாடிக்கு ஏறவும் இல்லை. அவள் எதிர்ப்பக்கம் கட்டை போட்டு வெட்டினாள். வகுப்பில் தரை கதகதவென்று இருந்ததால் மார்கழியில் முன்வரிசைக்கு அடிதடி. அடுத்து அவளைப் பிடித்து, வலது கை விரல்களை எடைக்கல்லால் ஒவ்வொன்றாக நசுக்கினார்கள், ஒவ்வொரு விரலுக்கும் "எஸ்டர்டே சொல்லுடி" என்றார்கள். அவள் அலறினாள், கெட்ட வார்த்தைகளெல்லாம் சொன்னாள், அதைச் சொல்லவில்லை.

"இதுக்கும் ஹேவ் போட்டுறாத தாயி, எலும்பு கூடி வராது" என்று எஸ்தர் டீச்சர் மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கென்ன கிறுக்கா டீச்சர்? கோழி யாரு வெட்டுறது?" என்று பல்லைக் கடித்தபடி ஜெயக்கொடி, "தே புரோக் மை ஃபிங்கர்ஸ் லாஸ்ட் ஃப்ரைடே" என்றாள். எஸ்டர்டேவை அதற்குக்கூட வாயில் விடவில்லை. விரல்கள் கோணலாகக் கூடின.

ஆனால் அவளை உள்ளே அரித்த விஷயம் வேறு. கனிராஜுக்குக் கருமாதி வைத்தபோது காக்காய் சோறு எடுக்கவில்லை. மறுபடி வைத்தாள், எடுக்கவில்லை. கம்பத்து மேலே உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து மல்லுக்கு நின்றார்கள். "அவன் இன்னும் செத்துக்கிட்டே இருக்கான். நீ கதவைத் தொறந்து வச்சிருக்க, அவன் எப்படிப் போவான்? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடு" என்றார்கள். தினமும் காலையில் கண் விழிக்கும்போது தம்பி அப்போதுதான் வெட்டுப்பட்ட மாதிரி அவள் நெஞ்சு அடைத்தது. மற்றவர்களுக்குத் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், இவளுக்குத் தேயவில்லை. ஒருநாள் வகுப்பறையில் யாரும் இல்லாதபோது டீச்சரிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"மை பிரதர் ஹேஸ் லிவ்ட் இன் திஸ் ஸ்ட்ரீட். இது சரியா டீச்சர்? சொன்னா நிக்குமா?"

எஸ்தர் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "உயிரோட இருக்கவங்களுக்குத்தான் அது சரி ஜெயா. செத்தவங்க வாழ்ந்ததுக்கு ஹேவ் வராது."

ஜெயக்கொடி அதையும் ரெண்டு தடவை சொல்லிப்பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. யாரும் படியேறி வரவில்லை.

சொல்லிவிட நினைத்த நாள் உண்டு. ஒற்றைச் சொல்தான். ஆனால் தலையைத் தூக்கினால் கம்பத்தில் அந்த ஃபிளெக்ஸ். அந்த இடத்தில் ஏணி வைக்க ஒருத்தருக்கும் தைரியமில்லாததால் அது அப்படியே தொங்கியது. எஸ்டர்டேவின் எழுத்துகளெல்லாம் கறுப்புக்குள் போயிருந்தன, கடைசியில் உண்டிவில் கவட்டை மாதிரி ஒரு எழுத்து மட்டும் மிச்சம். அவன் அழிக்கப்போன சொல். நான் அனுப்பிப் போன சொல். அதையே நான் சொல்லி இவர்களை விடுவிப்பதா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முனியராஜுக்கு அடுத்த பிறந்தநாள் வந்தது. அன்றைக்கும் சந்தை. ஒரு வருஷம் கை காயாத மனுஷன் பாதியாக இளைத்திருந்தான், கண் உள்ளே போயிருந்தது. காலையிலேயே குடித்துவிட்டு, கையில் கட்டின பையைக் கிழித்து எறிந்துவிட்டு, அதே அருவாளோடு மூணுமுக்குக்கு வந்தான். மாடிப்படியில் இறங்கிவந்த எஸ்தர் டீச்சரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து, ரத்தத்துக்கு நடுவில் மண்டி போட வைத்து, கழுத்தில் அருவாளை வைத்தான். கழுத்துத் தோல் கீறிக் கோடு விழுந்தது. ஜனம் ஓடவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் பழக்கப்படி முகத்தைத் திருப்பப் பார்த்தது. மூலையில் நின்ற ரெண்டு போலீஸ்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசினார்கள், கிட்டே வரவில்லை.

"ஏய் கோழிக்காரி! ஒன் வாக்கியத்தச் சொல்லு. சொல்லி முடிச்சிட்டு, கடைசில அந்த நாளச் சேரு. இல்ல, ஒங்க டீச்சர் தலை இந்தா இங்க உருளும்."

ஜெயக்கொடி கோணல் விரல்களில் கத்தியோடு நடந்துவந்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சருக்குச் சாகிற பயம், ஆனாலும் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். தம்பியை அனுப்பிக் கொன்றது போதும், இவளையும் சாகக் கொடுப்பதா? சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்துபோனது. மூச்சை இழுத்தாள்.

"தே ஹேவ் கில்ட் மை பிரதர்..."

"சொல்லு. நாளச் சொல்லு."

"...டுடே" என்றாள்.

தப்பில்லை. எஸ்தர் டீச்சரே அந்தக் கீறின கழுத்தோடு, சரி என்று கண்ணை மூடித் திறந்தாள்.

கம்பத்தில் ஏணி இருந்தது. ஏணியில் கனிராஜ் இருந்தான். ஒரு கையில் பெயிண்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ், பின்பக்கம் கிழிந்த அதே நீலச் சட்டை. முனியராஜின் கை டீச்சரின் முடியை விட்டது, அவனாக விடவில்லை, கை விட்டது. அவன் கால்கள் ஏணிப் பக்கம் நடந்தன. திருப்பிக்கொள்ளப் பார்த்த முகங்கள் திரும்பவில்லை. பூக்காரம்மாவுக்குக் குனிய வரவில்லை, பரமனின் பால் பொங்கி வழிந்தது, அவருக்குக் கழுத்து அசையவில்லை. சந்தை மொத்தமும் கண்ணைக் கொட்டாமல் பார்த்தது. ஜெயக்கொடியும் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தாள்.

"எறங்குடா" என்றது முனியராஜின் வாய்.

கனிராஜ் குனிந்து பார்த்தான். அருவாளைப் பார்த்தான். "அண்ணே, ஒரே ஒரு எழுத்துதாண்ணே பாக்கி" என்றான். "அடிச்சிட்டு எறங்கிர்றேன். இல்லாட்டி அக்கா சோறு போடாது."

ஏணி விழுந்தது. அருவாள் இறங்கியது. கழுத்தில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று, மறுபடி கழுத்தில். ரத்தம் பரமனின் கண்ணாடி கிளாஸ்கள்வரை தெறித்தது. கனிராஜ் துடித்து அடங்கினான். அடங்கினதும் ஏணி நிமிர்ந்தது, அவன் மேலே இருந்தான், பிரஷைத் தோய்த்தான், முனியராஜின் கால்கள் நடந்தன. இன்றைக்கு என்பது பொழுது அடையும்வரை இன்றைக்குத்தானே. "அண்ணே, ஒரே ஒரு எழுத்துதாண்ணே பாக்கி." வெட்டினான். மறுபடி வெட்டினான். வெயில் ஏற ஏற வெட்டிக்கொண்டே இருந்தான். தோள் பிசகி, உள்ளங்கை கொப்பளித்து உரிந்து, வாந்தியெடுத்து, வாந்தியோடு வெட்டினான். முதலில் பிள்ளைகள் அழுதன, பிறகு பெரியவர்கள் அழுதார்கள். வனசா, "போதும்டா, போதும்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெயக்கொடி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அக்கா சோறு போடாது என்று தம்பி சொல்வதை ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்டாள். அவளைச் சொல்லச் சொன்னால் அந்த அருவாள் ஒவ்வொரு முறையும் தன்மேல்தான் விழுந்தது என்று சொல்வாள்.

கடைசியில் முனியராஜ் வெட்டிக்கொண்டே அழுதான். "டீச்சர்! சொல்லிக்கொடுங்க டீச்சர்! நான் சொல்லிர்றேன்!"

எஸ்தர் டீச்சர் கழுத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "ஐ கில்ட் ஹிம்" என்றாள்.

"ஐ ஹேவ் கில்ட் ஹிம்!" என்று கத்தினான். கை இன்னும் வேகமாக இறங்கியது.

"ஹேவ் போடாத! ஹேவ் போட்டா ஓயாது! வெறும் கில்ட்! எந்த நாளுன்னு சொல்லு!"

"ஐ கில்ட் ஹிம்... ஆன் மை பர்த்டே!"

"எப்ப? எங்க?"

டீச்சர் சொல்லச் சொல்ல, போன வருஷம், என் பிறந்தநாள், காலை பதினோரு மணி, இந்த மூணுமுக்கில், இந்தக் கையால், என்று ஒவ்வொரு சொல்லாகத் தப்பும் தவறுமாகச் சொல்லித் திருத்திச் சொன்னான். கடைசிச் சொல் விழுந்ததும் அருவாள் கீழே விழுந்தது. ஏணி இல்லை. கனிராஜ் இல்லை. ஒரு வருஷத்து ரத்தம் ஓரத்திலிருந்து சுருங்கி, பழுப்பாகி, கறுத்து, பொருக்காக வெடித்து, காற்றில் போனது. கடைக்குத் தீ வைத்த நாளையும் அவன் அதே மூச்சில் சொன்னான், கோழிக்கடைத் தீ அணைந்தது. வடக்கத்தி அதிகாரி வந்து சேர்ந்தபோது முனியராஜ் காய்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரிக்கு இப்போது தமிழ் வந்திருந்தது. யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பாத்திருக்கேன் சார்" என்றார் பரமன், முதல் ஆளாக. "நான் பாத்திருக்கேன்" என்றாள் பூக்காரம்மா. சந்தையே சொன்னது.

மறுநாள் ஜெயக்கொடி சோறு வைத்தாள், கனிராஜுக்குப் பிடித்த ஈரல் வறுவலும் வைத்தாள். கையை எடுப்பதற்குள் காக்காய் வந்து கொத்திக்கொண்டு பறந்தது. அது பறந்துபோனதும்தான், அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, தம்பி இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து, தமிழில், பேர் சொல்லி, தொண்டை கிழிய அழுதாள்.

அழுது முடித்து மூணுமுக்குக்குப் போய் ஏணியைச் சாத்தி மேலே ஏறினாள். மிச்சமிருந்த ஒரு எழுத்தைத் தம்பிக்காக அடித்து முடிக்கப் போகிறாள் என்று கீழே நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் கையில் பெயிண்ட் இல்லை, கோழி வெட்டுகிற கத்திதான் இருந்தது. கோணல் விரல்களால் கறுப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். எழுத்து எழுத்தாக அந்தச் சொல் வெளியே வந்தது.

எஸ்தர் டீச்சர் கழுத்துக் கட்டோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஜெயா, அது தப்புல்ல?"

"தெரியும் டீச்சர்" என்றாள் ஜெயக்கொடி, சுரண்டுவதை நிறுத்தாமல். "எந்தம்பி எழுதுனது. இருக்கட்டும்."